தோட்டக்கலை ட்ரெய்னிங்குக்கு சென்னை வர்றீங்களா, மே மாசம் மட்டும் வேணாம்

நான் மலேசியா கிள்ளான்ல இருந்து இங்க வந்து இறங்குனது மே மாசத்து அக்னி நட்சத்திர வெயில் நடுவுல. மொட்டை மாடில கத்திரி, மிளகா நாத்து விட்டேன், நாலே நாள்ல கருகிப் போச்சு. நம்ம ஊர்ல வருஷம் பூரா மழை, இங்க வருஷத்துக்கு சுமார் 1400 மில்லிமீட்டர் பெஞ்சாலும் அதுல பாதிக்கு மேல அக்டோபர் டு டிசம்பர்லயே கொட்டித் தீத்துடும், மத்த மாசமெல்லாம் தண்ணி ஊத்துறது நம்ம தலையில. அதனால ஜூலை நடுவுல ஆடி பொறக்கும்போது வாங்க, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு இங்க சும்மா சொல்லல.

விசா விஷயம் முதல்ல. டூரிஸ்ட் விசால வந்து சர்டிஃபிகேட் தர்ற கோர்ஸ்ல உக்காரலாமான்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே தூதரகத்துல கேட்டுடுங்க. அப்புறம் ரம்புத்தான் விதை, சமையல்ல வாசனைக்குப் போடுற பண்டான் இலைக் கன்னு எதையும் பையில சுருட்டிட்டு வராதீங்க, இறக்குமதி பர்மிட்டும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாம ஏர்போர்ட்ல விடமாட்டாங்க. பண்டான் இங்கயே கெடைக்கும், நர்சரில ரம்பை இலை, அன்னபூர்ணா இலைன்னு கேட்டுப் பாருங்க.

எங்க படிக்கிறது? கிண்டி திரு.வி.க. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட தகவல் பயிற்சி மையம் இருக்கு, மாடித்தோட்டம், காளான் மாதிரி சின்னச் சின்ன பயிற்சிங்க நடக்கும். போன் பண்ணி பேர் குடுத்துட்டுப் போங்க, நேரா போய் நின்னா சீட் இல்லாம திரும்பணும். லீவு நாள்ல கதீட்ரல் ரோடு போய்டுங்க, 1835ல ஆரம்பிச்ச அக்ரி ஹார்டிகல்ச்சரல் சொசைட்டியோட தோட்டம் இருந்த எடத்துல இப்ப கலைஞர் நூற்றாண்டு பூங்கா இருக்கு, செம்மொழிப் பூங்காவும் அதே ரோட்லதான், காலைல போனா ரெண்டையும் பாத்துடலாம்.

வகுப்புல திணற வைக்கிறது பாடம் இல்ல, அளவுதான். கிரவுண்டுன்னா 2400 சதுர அடி, 100 செண்ட் சேந்தா ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்து ஆளுங்க பரப்புக் கணக்குல யோசிப்பாங்க, 16 பரப்பு ஒரு ஏக்கர், அத வச்சு மாத்திக்கோங்க. பப்பாசின்னு சொன்னா பக்கத்துல உள்ளவரு முழிப்பாரு, இங்க அது பப்பாளி, தேசிக்காய்ன்னா இங்க எலுமிச்சை. சிரிச்சாங்கன்னா நீங்களும் சிரிச்சுட்டு அடுத்த கேள்வியக் கேளுங்க.

இப்ப முக்கியமானது, கோகோபீட், அதாவது தொட்டி மண்ணுல கலக்குற தேங்காநார்த் தூள். கட்டிய ஊறவச்சு அப்படியே செம்மண், மண்புழு உரத்தோட கலந்துட்டேன், செடி வந்துச்சு, ஆனா இலை ஓரமெல்லாம் காஞ்சு பழுப்பாச்சு. நோய்ன்னு நெனச்சு வேப்பெண்ணெய் அடிச்சு ஒரு வாரம் வீணாக்குனேன். ட்ரெய்னிங்ல ஒரு அக்கா இலையப் பாத்ததும் "தம்பி இது உப்பு, கழுவுனீங்களா?"ன்னாங்க. தேங்காநார்ல இயற்கையாவே உப்பு இருக்கும், நான் தங்கியிருந்தது பீச் பக்கம், போர் தண்ணியும் உப்பு, ரெண்டும் சேந்து வேரைக் கடிச்சிருக்கு. மூணு தடவ நல்ல தண்ணில அலசிப் பிழிஞ்சுட்டு கலங்க. கடைசி அலசலுக்காவது குழாய்ல வர்ற மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணியோ பாருங்க.

இன்னொன்னு, கோர்ஸ் முடிஞ்ச மறுநாளே ஃப்ளைட் போடாதீங்க. பதியம் போடக் கத்துக் குடுப்பாங்க, கொய்யாக் கிளைல ஒரு இஞ்ச் பட்டைய வளையமா உரிச்சு, ஈரப் பாசிய வச்சு பாலித்தீன்ல கட்டுறது, பாக்க ஈஸியா இருக்கும், ஆனா வேர் வர ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகும். வீட்டு ஓனர் கிட்ட பர்மிஷன் வாங்கி அவங்க மரத்துலயே ஒண்ணு கட்டிப் பாருங்க. நான் கட்டுன மூணுல ஒண்ணுதான் வேர் விட்டுச்சு, அதையும் ஓனர் அம்மாவே தொட்டில வச்சுக்கிட்டாங்க.