அரிய வகைப் புற்றுநோயோடு இருக்கும்போது மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி? நான் செய்துபார்த்த வழி

எனக்கு வந்ததன் பெயர் ஜிஸ்ட். வயிற்றுச் சுவரில் முளைக்கும் கட்டி. எல்லாரும் சொல்கிற வயிற்றுப் புற்றுநோய் வேறு, இது வேறு. கட்டியோடு வயிற்றில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள், அப்புறம் இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை தினமும் 400 மி.கி. மூன்று வருடம் சாப்பிடச் சொன்னார்கள், இப்போது இரண்டாவது வருடம் ஓடுகிறது. உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தாளில் எழுதியே கொடுத்தார்கள். மனதுக்கு யாரும் எழுதித் தரவில்லை. தட்டுத்தடுமாறி நான் கண்டுபிடித்ததை, எந்த வரிசையில் செய்தால் சுலபமோ அந்த வரிசையில் போடுகிறேன். மாத்திரை நேரம், சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

ஒன்று மட்டும் முதலில். "ரொம்ப அரிது" என்று டாக்டர் சொன்னதும் உலகத்தில் நான் ஒருத்திதான் என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடத்தில் 1 லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வந்தால் ஐரோப்பாவில் அதை அரிய புற்றுநோய் என்கிறார்கள். அப்படிப்பட்ட வகைகளை எல்லாம் கூட்டினால் மொத்தப் புற்றுநோயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வருகிறது. காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கலாம்.

படி 1: ரத்தம் எடுங்கள்

மனசு சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் ஒரு பகுதி போனால் பி12 உடம்பில் சேருவது குறையலாம், இமாடினிப் சிலருக்கு ரத்தசோகை கொண்டுவரும். நான் இரண்டு மாதம் எதிலும் பிடிப்பில்லாமல், குக்கர் விசில் எண்ணக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேன். பி12 தரைமட்டத்தில் இருந்தது. ஊசி போட ஆரம்பித்த பிறகு பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதிக்குத்தான் கீழே இருப்பதெல்லாம்.

படி 2: ஞாயிற்றுக்கிழமை ஒரு எண்

புற்றுநோய் மருத்துவத்தில் மன உளைச்சலை அளக்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது, தெர்மாமீட்டர் மாதிரி 0 முதல் 10 வரை. கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று ஒரு எண் போட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனநிலை ஆப்கள் மூன்று போட்டுப் பார்த்து மூன்றையும் எடுத்துவிட்டேன், தினமும் மூன்று வேளை "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நோய் ஞாபகம்தான் வருகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஞாயிறு காலை காபிக்குப் பிறகு எண், பக்கத்தில் காரணம் ஒரு வரி. டாக்டரிடம் "பரவாயில்லை சார்" என்று சொல்லிப் பழகிவிட்டவர்களுக்கு இந்த நோட்டு பெரிய உதவி. நீட்டினால் போதும், அவர் படித்துக்கொள்வார்.

படி 3: ஸ்கேன் வாரம்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிடி ஸ்கேன் எடுப்பது எனக்குப் பழகிவிட்டது. மருந்து நரம்பில் ஏறும்போது தொண்டையில் ஆரம்பித்து அடிவயிறு வரை ஒரு சூடு பரவும், மெஷின் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்லும், பத்தே நிமிடம். கஷ்டம் அதற்கப்புறம். போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ரிப்போர்ட் லிங்க் போனுக்கு வந்தது. டாக்டரைப் பார்ப்பது புதன்கிழமை. வேளச்சேரி பறக்கும் ரயிலில் நின்றுகொண்டே திறந்தேன். கல்லீரலில் ஏதோ "லீஷன்", அதாவது இயல்புக்கு மாறான ஒரு இடம், என்று ஒரு வரி. நான்கு ராத்திரி தூங்கவில்லை, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இணையத்தில் தேடத்தேட ஒவ்வொரு பக்கமும் என்னைப் பற்றியே எழுதியிருப்பது போல இருந்தது. புதன்கிழமை டாக்டர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது முதல் ஸ்கேனிலேயே இருந்த சின்ன நீர்க்கட்டி, அப்படியேதான் இருக்கிறது என்றார்.

ஜிஸ்ட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. கட்டி இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு, மருந்து வேலை செய்யும்போதே அது அளவில் குறையாமல் இருக்கலாம், சில சமயம் பெரிதாகக்கூடத் தெரியலாம், உள்ளே அடர்த்தி மட்டும் குறைந்திருக்கும். சென்டிமீட்டரை மட்டும் பார்த்து நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இப்போது நான் செய்வது: முதலில் டாக்டர் தேதி வாங்குகிறேன், அதற்கு ஒரு நாள் முன்னாலோ இரண்டு நாள் முன்னாலோ ஸ்கேன் போடுகிறேன். இந்த வரிசை மாறவே கூடாது. பழைய ஸ்கேன் படங்கள் இருக்கும் குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கேட்கிறேன். பதிவு செய்யும்போது என் நம்பருக்குப் பதில் வீட்டுக்காரர் நம்பர். லிங்க் அவருக்கு வரும், அவரும் திறக்க மாட்டார், அது எங்களுக்குள் பேச்சு. ஸ்கேன் முடிந்ததும் நேராக பெசன்ட் நகர் கடற்கரை, சுண்டல், இருட்டியதும் வீடு.

படி 4: ஒரு வரி தயார் செய்யுங்கள்

இமாடினிப் சாப்பிடுகிற பலருக்குக் கண்ணைச் சுற்றி வீங்கும், காலையில் அதிகமாக. எனக்கும் அப்படித்தான். நன்றாகத் தூங்கி எழுந்து பால் வாங்கப் போனால் எதிர் வீட்டு அக்கா, "என்னடி, ராத்திரி முழுக்க அழுதியா?" என்பார். சாயங்காலம் சித்தி போனில், "முடிகூடக் கொட்டலையே, அப்ப பெருசா ஒண்ணுமில்லதானே?" இரண்டு பேருக்கும் பாசம்தான். ஆனால் ஒரு நாளில் ஆறு தடவை விளக்கம் சொன்னால் நோயைவிட அதுதான் களைப்பு. "கட்டியை எடுத்தாச்சு, மாத்திரை சாப்பிடுறேன், கண் வீக்கம் மாத்திரையால, நீங்க சாப்பிட்டாச்சா?" இதுதான் என் வரி. கடைசிக் கேள்வி முக்கியம், பேச்சு அவர்கள் பக்கம் போய்விடும். குடும்ப வாட்ஸ்அப்பில் தகவல் போடுவது தம்பி பொறுப்பு.

படி 5: பேச ஆள்

குடும்பத்திடம் சொல்ல முடியாதது கட்டாயம் இருக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்காமல் நெஞ்சு அடைத்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை நோட்டு வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம், ஆனால் புற்றுநோய் மருந்தின் பெயரை அவரிடம் எழுதியே கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எனக்கு மனச்சோர்வுக்கு நல்லது என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை அனுப்பினார். அது இமாடினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். டாக்டரிடம் கேட்டதால் தப்பித்தேன்.

பிறகு சேர்த்தது

படி 3-ஐப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "நான் ஹாஸ்டலில் தனியாக இருக்கிறேன், யார் நம்பர் கொடுப்பது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கையான அலுவலகத் தோழியின் நம்பரைக் கொடுங்கள், அச்சிட்ட ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அடுத்த ஸ்கேனுக்கு அப்படியே செய்தாராம். உறையைப் பிரிக்காமலே டாக்டர் மேசையில் வைத்ததாகவும், முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கியதாகவும் நேற்று எழுதியிருக்கிறார்.