கோடிப்புறக் கொட்டிலை ஒலிப்பதிவு அறையாக்குவது எப்படி?

மாமிக்கு எண்பது வயதாகிறது. எங்கள் ஊர்க் கோவிலின் திருவூஞ்சற் பாடல்களை முதலிலிருந்து முடிவுவரை இராகத்தோடு பாடத் தெரிந்தவர்கள் இப்போது அவரும் இன்னும் இரண்டு பேரும்தான். அச்சிட்ட புத்தகம் இருக்கிறது. ஆனால் எந்த அடியில் குரல் இறங்க வேண்டும், எந்த 'ஆடீர் ஊஞ்சல்' நீண்டு இழைய வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. மாமியின் தொண்டையில் இருக்கிறது. அதற்காகத்தான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் (கொல்லைப்பக்கம்) விறகும் பனையோலையும் அடுக்கியிருந்த கொட்டிலை வெறுமையாக்கினேன். பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம், அரைச்சுவருக்கு மேல் பலகை, தகரக் கூரை. உங்களிடமும் இப்படி ஒரு கொட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு இந்த வாரமே தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கை ஒலிவாங்கியில் போடாதீர்கள். மோசமான அறையில் விலையுயர்ந்த ஒலிவாங்கி அந்த மோசத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான்.

படி 1: ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்

ஒரு கதிரையைப் போட்டுக் கொட்டிலுக்குள் உட்காருங்கள். கையில் ஒரு கொப்பி. காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் நேரத்தோடு எழுதுங்கள். என் கொப்பியில் இருந்தவை: காலையில் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரம், இசையோடு வரும் பாண் ஓட்டோ, அணில், காகம், மாலையில் கோவில் ஒலிபெருக்கி. 2015இல் காங்கேசன்துறை வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதன் அதிர்வும் கொம்பும் கொட்டிலுக்குள் அப்படியே வருகின்றன. இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலியை நம்முடைய செலவில் எந்தச் சுவராலும் தடுக்க முடியாது. நேர அட்டவணையைப் பார்த்து ஒதுங்குவதே வழி. எனக்குக் கிடைத்த நல்ல நேரம் இரவு ஒன்பதரைக்குப் பிறகு. மாமிக்கு உகந்தது விடியற்காலை நாலரை மணி. அவர் எப்படியும் அந்த நேரத்தில் எழும்பிவிடுவார்.

படி 2: ஓட்டைகளை அடையுங்கள்

வெளிச்சத்தத்தைத் தடுப்பதும் உள்ளே எழும் எதிரொலியைக் குறைப்பதும் இரண்டு வேறு வேலைகள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள். வெளிச்சத்தத்தைத் தடுப்பது பாரமும் காற்றுப்புகாத அடைப்பும். பஞ்சும் துணியும் அதைச் செய்யா. காற்று நுழையும் இடமெல்லாம் சத்தம் நுழையும். பகலில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு கீறலும் ஒரு வேலை. பலகை இடுக்குகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். கதவின் நான்கு ஓரங்களுக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஆணியடித்தேன்.

தகரக் கூரைதான் பெரிய தலைவலி. எங்கள் பக்கத்தில் வெப்பத்துக்காகத் தகரத்தின் மேல் கிடுகு போடுவார்கள் அல்லவா, அதையே செய்யுங்கள். மழைத்துளி தகரத்தில் நேரே விழாது, சத்தம் கணிசமாகக் குறையும், உள்ளேயும் குளிர்ச்சி. ஆனாலும் மாரி காலத்தில் மழை கொட்டும்போது பதிவு செய்ய முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதைத் துளையிடவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

படி 3: தும்பு மெத்தையும் பழைய சேலையும்

கொட்டிலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு சிறு நடுக்கம் பின்னால் ஓடிவந்தால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். முட்டை அட்டைகளை ஒட்டினால் போகும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிப் பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டாம். அட்டை மெல்லியது, உச்ச ஒலிகளைச் சற்றே மழுக்கும், குரலின் கனமான பகுதியைத் தொடவே தொடாது, தீப்பிடித்தால் நொடியில் பரவும்.

நமக்கு வாய்த்த நல்ல பொருள் தென்னந்தும்பு. நான்கு அங்குலத் தடிப்புள்ள பழைய தும்பு மெத்தை இருந்தால் வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, மூட்டைப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நான்கடிக்கு இரண்டடித் துண்டுகளாக வெட்டுங்கள். மரச் சிலாகையில் அதே அளவுக்குச் சட்டம் அடித்து, துண்டை உள்ளே வைத்து, பழைய பருத்திச் சேலையால் இழுத்துப் போர்த்துங்கள். சேலைக்கு மேல் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். போகாத துணி உதவாது. பட்டும் நைலோனும் வேண்டாம். மெத்தை இல்லாவிட்டால் தும்பை வாங்கி, சட்டத்தின் பின்புறம் நுளம்பு வலை அடித்து, இறுக்கமில்லாமல் நிரப்பலாம்.

என்னிடம் இப்படி எட்டுச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒலிவாங்கி பாடுபவரை நோக்கியிருக்கிறது. ஆகவே அது பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் நோக்கியிருக்கிறது. பாடுபவரின் முதுகுப்புறத்துக்கு மூன்று சட்டங்கள் கட்டாயம். நான் முதலில் எல்லாவற்றையும் ஒலிவாங்கிக்குப் பின்னால் வைத்து, குரல் ஏன் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது என்று ஒரு கிழமை தேடினேன். மற்றவற்றில் இரண்டு, பக்கச் சுவர்களுக்கு. மிஞ்சிய மூன்றை மூலைகளில் குறுக்காகச் சாய்த்து வையுங்கள். பன்னிரண்டு அடி நீள அறையில் ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் தாழ்ந்த ஒலி தேங்கும். அது முட்டி நிற்பது மூலைகளில். மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தை, அடித்துப் பார்த்தால் மூலையில் நிற்பவருக்கு மட்டும் அது வீங்கிக் கேட்கும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு மாட்டினால் அதே சட்டம் இன்னும் தாழ்ந்த ஒலிவரை உறிஞ்சும். இது காசில்லாமல் கிடைக்கும் இலாபம்.

தும்பும் துணியும் நிறைந்த இடம். உள்ளே நுளம்புத்திரி ஏற்றவே ஏற்றாதீர்கள். மாதம் ஒருமுறை சட்டங்களைத் தூக்கிக் கறையான் பார்க்க வேண்டும்.

படி 4: மின்சாரம்

வீட்டிலிருந்து இழுத்த பழைய வயரில் நம்பிக்கை வைக்காதீர்கள். மின்னியலாளரை அழைத்துப் புவித்தொடுப்பு சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உதடு உலோக ஒலிவாங்கியில் படும். 230 வோல்ட் விளையாட்டில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே செருகியிலிருந்து எடுங்கள். இரைச்சலைப் போக்குவதற்காக மூன்றாவது முள்ளைக் கழற்றிவிடும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் பதிவு செய்தால் பாதி இரைச்சல் தானாகவே போய்விடும். மின்வெட்டு வந்தாலும் பாட்டு நடுவில் அறுந்துவிடாது.

படி 5: வாங்க வேண்டியவை

ஐந்தே பொருட்கள்: யு.எஸ்.பி. ஒலி இடைமுகம் (ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒலிவாங்கி, அதற்கான தாங்கி, இரண்டையும் இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். கேபிள், காதை முழுவதும் மூடும் ஹெட்போன். இடைமுகத்துக்குப் பெஹ்ரிங்கர் யூ.எம்.2 போன்ற எளிய கருவியே போதும். கொஞ்சம் கூடுதலாக முடிந்தால் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. கொட்டிலுக்கு, இடைமுகத்திலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் ஒலிவாங்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நன்றாகக் கேட்கும், அணிலையும் சேர்த்து. ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் ஒலிவாங்கி அருகிலுள்ள குரலைப் பிடித்துத் தூரத்துச் சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளும், ஈரப்பதனையும் தாங்கும். 1966இல் வந்த அந்த மாதிரி இன்றும் விற்பனையில் இருக்கிறது. பழையதை வாங்குவதாயின் கடையிலேயே பேசிப் பார்த்து, கேபிளை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். மாரியில் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

படி 6: ஒலிவாங்கியை நிறுத்தும் இடம்

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், சுற்றுச் சத்தமோ அப்படியே நிற்கும். ஆனால் மிக நெருங்கினால் குரல் செயற்கையாகக் கனக்கும். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கமாக வைத்தால் 'ப'கரக் காற்று மோதாது. பூ வேலை செய்யும் வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்துவது இன்னும் நல்லது. கதவு, யன்னல், மடிக்கணினி மூன்றும் ஒலிவாங்கியின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அந்தப் பக்கம்தான் அது குறைவாகக் கேட்கும். சுருதியைக் கைத்தொலைபேசியில் போட்டால் ஹெட்போன் வழியாக மட்டும் கேளுங்கள். மிருதங்கத்துக்கு ஒரே ஒலிவாங்கி என்றால் வாத்தியத்தின் முன்னால் இரண்டடி தள்ளி, சற்று உயரத்தில் வைத்து, வலந்தலையும் (வலப்பக்கம்) தொப்பியும் சமமாகக் கேட்கும்வரை அரையடி அரையடியாக நகர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்; ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கதவைத் திறந்து காற்று வாங்குங்கள்.

படி 7: பதிவு

மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி தொடக்கத்துக்குப் போதும். மாதிரி வீதத்தை (sample rate) 48 கிலோஹேர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்; கருவி இடம் தந்தால் 24 பிட், இல்லையென்றால் 16 பிட்டே தாராளம். பாடுபவர் மிக உரத்துப் பாடும் இடத்தைப் பாடச் சொல்லி, அளவுமானி மறை 12 டெசிபலைத் (-12 dB) தாண்டாதபடி குமிழைத் திருப்புங்கள். சுழியத்தில் முட்டி உடைந்த ஒலியைப் பின்னர் எதனாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

பாட்டுக்கு முன் முப்பது வினாடி வெறும் மௌனத்தைப் பதிவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். தை மாதத்து இரவொன்றில் எனக்கு அந்த மௌனத்தில் 'ங்ஙொம்' என்று ஒரு முழக்கம் கேட்டது. புவித்தொடுப்புக் கோளாறு என்று கேபிளை மாற்றினேன், செருகியை மாற்றினேன். ஒலிவாங்கியைக் கழற்றியதும் முழக்கம் நின்றது. அப்படியானால் அது மின்சாரத்தில் இல்லை, காற்றில் வருகிறது. கூர்ந்து கேட்டபோது அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மின்சார இரைச்சல் 50, 100 ஹேர்ட்ஸில் அசையாமல் நிற்கும். கொட்டிலுக்கு வெளியே வந்து அண்ணாந்தேன். யாரோ விண் (காற்றில் முழங்கும் வில்) பூட்டிய பட்டத்தை இரவுக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். அன்று மாமியின் குரலுக்குக் கீழே அதையும் சேர்த்தே பதிவு செய்தேன். அழிக்க மனம் வரவில்லை.

முடிந்ததும் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே சேமியுங்கள், எம்.பி.3 அனுப்புவதற்கு மட்டும். கோப்பின் பெயரில் பாடியவர், பாடல், திகதி மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேறொரு வீட்டில். எங்கள் மூன்றாவது பிரதி கனடாவில், மாமியின் மகனிடம் இருக்கிறது.