மேகப்புள்ளி முறையில் நீரிலிருந்து காட்மியத்தைப் பிரித்தெடுத்தல்

அயனித்தன்மையற்ற பரப்பு ஊக்கிகளின் (சோப்பைப் போலச் செயல்படும், மின்னூட்டமற்ற சேர்மங்களின்) நீர்க்கரைசலைச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது கலங்கி இரண்டு அடுக்குகளாகப் பிரியும்; அந்த வெப்பநிலையே மேகப்புள்ளி எனப்படுகிறது. இவ்வகைப் பரப்பு ஊக்கிகளுள் ஒன்றான டிரைட்டான் எக்ஸ்-114க்கு இது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் மட்டுமே என்பதால், நீரில் நுண்ணளவில் கலந்துள்ள காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைச் செறிவூட்டி அளப்பதற்கு அது மிகவும் வசதியானது.

மாதிரி நீரை வடிகட்டி, 50 மில்லிலிட்டர் எடுத்து, தாங்கல் கரைசலால் அதன் பிஎச் மதிப்பை (அமில, காரத்தன்மையின் அளவை) நிலைப்படுத்திய பின், டைதைசோன் போன்றதோர் அணைவாக்கியை, அதாவது உலோக அயனியுடன் பிணைந்து அணைவுச் சேர்மம் உருவாக்கும் பொருளைச் சேர்க்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது. மின்னூட்டம் கொண்ட காட்மியம் அயனி, மைசெல்லின் (பரப்பு ஊக்கி மூலக்கூறுகள் ஒன்றுகூடி உருவாக்கும் நுண்திரளின்) நீரை வெறுக்கும் உட்பகுதிக்குள் தானாக நுழையாது. மின்னூட்டமற்ற அணைவுச் சேர்மமாக மாறிய பிறகே நுழையும். பிஎச் பிசகினால் அணைவு சரியாக உருவாகாது; எனவே பிரித்தெடுப்பு குறையும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து டிரைட்டானை 0.1 சதவீத அளவுக்குச் சேர்த்து, 40 டிகிரி நீர்த்தொட்டியில் கால் மணி நேரம் வைத்து, ஆறவிடாமல் உடனே மையவிலக்கியில் சுழற்றவும். குழாயின் அடியில், காட்மியத்தைத் தன்னுள் கொண்ட பரப்பு ஊக்கி அடுக்கு தேன்போல ஒரு சிறு துளியாகப் படியும். குழாயைப் பனிக்கட்டியில் சற்று நேரம் வைத்தால் துளி கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும் (அதிக நேரம் வைத்தால் மீண்டும் கரையத் தொடங்கும்). மேலுள்ள நீரைக் கொட்டிவிட்டு, துளியை நைட்ரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் கரைத்து, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளக்கலாம். இதே படிகளைத் தூய நீரிலும் செய்து, கிடைக்கும் வெற்று மதிப்பைக் கழிக்க வேண்டும்.