குளத்தில் விடும் முன் ஓர் உப்புக் குளியல்

பிசான நெல் பருவத்துக்குக் குளம் பெருகியதும் கெண்டைக் குஞ்சு விடுகிறவர்கள், முதலில் 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் தூத்துக்குடிக் கல்லுப்பை முழுக்கக் கரைத்து, குஞ்சுகளை வலையோடு 2 நிமிடம் முக்கி எடுங்கள். ஒன்று சாய்ந்தாலும் உடனே தூக்கிவிட வேண்டும்.

செவுளில் ஒட்டும் டாக்டைலோகைரஸ் தட்டைப்புழுவுக்கு வால்புறத்தில் 2 பெரிய கொக்கி, ஓரத்தில் 14 சிறு கொக்கி. அவற்றைச் செவுள் இழைக்குள் குத்தித்தான் தொங்குகிறது. உப்புநீர் அதன் உடலிலுள்ள நீரை இழுத்துவிடுவதால் பிடி தளர்ந்து பல புழுக்கள் உதிரும். செவுள் சளிக்குள் புதைந்தவை தப்பலாம், முட்டையும் சாகாது. தொட்டியில் தனியே வைத்து, ஒரு வாரத்தில் இன்னொரு முறை முக்குவது நல்லது.

மேலே வந்து வாய் பிளக்கும் மீனுக்கும், காயம்பட்ட குஞ்சுக்கும் இது வேண்டாம், தாங்காது. குளத்தில் ஏற்கெனவே விட்ட மீனுக்கும் பயன்படாது.