விமானம் லேட்டா? நஷ்ட ஈட்டுக் கணக்கை ஷீட்டே போடட்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 சட்டப்படி, விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பயணிக்கு 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கும். பிராங்க்பர்ட், பாரிஸ் என்று அங்கே எங்கிருந்து கிளம்பினாலும், எந்த நிறுவனத்தின் விமானமானாலும் சரி. சென்னையிலிருந்து அங்கே போகும்போது மட்டும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். இதை வாங்கித் தரவே ஏர்ஹெல்ப், ஃபிளைட்ரைட் மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன, கிடைப்பதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். கோர்ட் வரை இழுக்கிற கேஸ் என்றால் கொடுக்கலாம், நேரான கேஸுக்கு ஒரு கூகுள் ஷீட்டும், அதற்குள்ளேயே எழுதும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராமும் போதும்.

டிக்கெட் மெயில்களுக்கு ஜிமெயிலில் ஒரு லேபிள் போட்டு, ஸ்கிரிப்ட் அதிலிருந்து விமான எண்ணையும் நேரத்தையும் ஷீட்டில் ஏற்றும்படி செய்யுங்கள். மெயிலின் வடிவம் அடிக்கடி மாறும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கையால் அடித்தாலும் அரை நிமிஷ வேலைதான். தொகை தூரத்தைப் பொறுத்தது, அதைக் கணக்கிட அவர்ஏர்போர்ட்ஸ் தளத்தில் எல்லா விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இலவசமாகக் கிடைக்கும். 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. ஒரே புக்கிங்கில் மாறிப் போகும் பயணமென்றால் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நேர்த் தூரம், துண்டுகளைக் கூட்டக் கூடாது.

தாமதக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு 11.50-க்குச் சென்னையில் இறங்க வேண்டிய விமானம் 2.45-க்குத் தரையைத் தொடுகிறது, கதவு திறப்பது 3.05-க்கு. தரையைத் தொட்ட நேரத்தை எடுத்தால் 2 மணி 55 நிமிடம், ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னபடி கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு, அப்போது 3 மணி 15 நிமிடம். (நெடுந்தூரத்தில் தாமதம் 4 மணி நேரத்துக்குள் என்றால் நிறுவனம் தொகையைப் பாதியாக, 300 யூரோவாக, குறைக்கலாம்.) அதனால் கதவு திறக்கும்போது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஷீட்டில் நேரத்தோடு தேதியையும் போடுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவு தாண்டியதும் மைனஸில் விடை வரும்.

"வானிலை சரியில்லை" என்று நிறுவனம் கைவிரித்தால், அந்த நேரத்து மெட்டார் அறிக்கையை, அதாவது விமான நிலையத்தின் வானிலைப் பதிவை, எடுத்துப் பாருங்கள். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத் தளத்தில் பழையவையும் இருக்கும், ஸ்கிரிப்டே இழுத்துவிடும். சாதாரண இயந்திரக் கோளாறு அவர்களைத் தப்பவிடாது, அது 2008-லேயே தீர்ப்பான விஷயம்.

அப்புறம் நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்கும் கடிதம். ஸ்கிரிப்ட் வரைவு மட்டும் போடட்டும், தானாக அனுப்ப விடாதீர்கள், ஒரு தேதி தப்பினாலும் அதையே காரணம் காட்டி இழுத்தடிப்பார்கள். பதில் வராவிட்டால் நினைவூட்ட காலண்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வவுச்சர் தருகிறோம் என்று வந்தால், நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய அது செல்லாது, பணம்தான் வேண்டும் என்று வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புங்கள்.