போலி ஸ்பார்க் பிளக்கை மல்டிமீட்டர் காட்டிக் கொடுத்தது

ஆன்லைனில் வாங்கிய, இரிடியம் உலோக முனை கொண்ட ஸ்பார்க் பிளக்குகளை மாட்டியதும் ஐடிலில் என்ஜின் உதறியது, செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இடம் மாற்றிப் பார்த்தேன். கோளாறு அதோடு நகரவில்லை, அப்படியானால் காயில் காரணமில்லை. சரி, பிளக்கையே கழற்றிப் பார்ப்போம் என்று பழையதைப் பக்கத்தில் வைத்தேன்.

இரிடியம் பிளக்கின் நடு எலெக்ட்ரோடு முனை வழக்கமாக 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர்தான், ஊசி மாதிரி. சாதாரண நிக்கல் பிளக்கில் 2.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன். புதிதாக வந்ததில் நுனியை மட்டும் சீவியிருந்தார்கள், அதுவும் மையம் விலகி. வாஷர் தொட்டதும் கையோடு வந்தது. பழையதில் சுழலுமே தவிரக் கழலாது. பீங்கான் மீதிருந்த எழுத்து நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது.

அப்புறம் மல்டிமீட்டர். உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் வகைப் பிளக்கில் மேல்முனைக்கும் நடு எலெக்ட்ரோடுக்கும் இடையே சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். பழையது காட்டியது, புதியதில் பூஜ்யத்தை ஒட்டித்தான். பெட்டியின் அச்சு மட்டும் அசல் தோற்றுப்போகும் அளவுக்கு இருந்தது, அதனால் பெட்டியை நான் இப்போது நம்புவதே இல்லை.

படங்களோடு புகார் கொடுத்ததும் பணம் திரும்பியது. தயாரிப்பாளர் தன் தளத்தில் பட்டியலிட்ட விற்பனையாளரிடமே மறுபடி வாங்கினேன், உதறல் நின்றுவிட்டது.