கைக்குழந்தைக்குத் தடுப்பூசி: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. (காசநோய்க்கு), ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலைக்கு) ஊசிகளும் போலியோ சொட்டு மருந்தும் பெரும்பாலும் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அடுத்தது ஒன்றரை மாதத்தில். தமிழ்நாட்டில் இதை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். பைசா செலவில்லை.

1. நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகப் புதன்கிழமைதான் ஊசி நாள். கிராமமென்றால் உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டால் எந்த வாரம், எந்த இடம் என்று சொல்லிவிடுவார். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும். தினமும் போட்டால் என்ன என்று தோன்றலாம். பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா போன்றவற்றில் ஒரு குப்பி மருந்து பல குழந்தைகளுக்கு ஆகும். அதைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால்தான் குழந்தைகளை ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள்.

2. தாய்-சேய் நல அட்டையை மறக்காதீர்கள். எந்த ஊசி எப்போது போட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தொடை எளிதாகத் தெரியும்படி தளர்வான உடை போட்டுவிடுங்கள்.

3. ஒன்றரை மாதத்தில் பென்டாவேலன்ட், நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி., போலியோ ஊசி ஆகியவற்றோடு போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் உண்டு. 'ஒரே நாளில் இத்தனையா?' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பென்டாவேலன்ட் ஒன்றே தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கிறது. லேசான சளி இருந்தாலும் போடலாம். நல்ல காய்ச்சல் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தாய்ப்பால் கொடுக்கலாம்.

5. அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். பாராசிட்டமால் சொட்டு மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைப் பார்த்து செவிலியர் சொல்வார், அதற்குமேல் வேண்டாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெயும் தடவ வேண்டாம். ஈரத்துணி வைத்தால் போதும். காய்ச்சல் குறையவே இல்லை, குழந்தை பால் குடிக்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பி.சி.ஜி. போட்ட தோளில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து தழும்பாவது இயல்பு, மருந்து எதுவும் போட வேண்டாம்.

6. அப்புறம் இரண்டரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள் என்று தவணைகள் வரும். ஊருக்குப் போயிருந்ததில் ஒன்று தவறிவிட்டதா? சரி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆனால் ரோட்டா போன்ற சிலவற்றுக்கு வயது வரம்பு இருப்பதால் ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் தாத்தா பாட்டியும், 30 வயது தாண்டிய அப்பா அம்மாவும் அந்த அரை மணி நேரத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இலவசம்தான்.